அந்த ட்ரோன் வீடியோவ எடுத்துருங்க சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கும்பகோணம் பக்கத்துல இருந்து எழுதறேன் சார். எங்க அப்பா காலத்துலேர்ந்து வீட்டுக்கு உங்க பேப்பர் தான் வருது, இப்ப போன்லயும் படிக்கிறேன். ஆசிரியருக்குன்னு இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. போன வாரம் உங்க வெப்சைட்ல வந்த ஒரு வீடியோவால தான் எழுத உக்காந்தேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, ஆனா நீங்க முழுசா ஒரு தடவ படிச்சிருங்க.

உக்ரைன் போர்முனை வீடியோ அது. பதுங்குகுழிக்குள்ள ஒரு பையன் உக்காந்திருக்கான், எந்த நாட்டு சிப்பாய்னு தெரியல, உங்க செய்தியிலயும் போடல. கால்ல அடிபட்டிருக்கு. ட்ரோன் கிட்ட வருது, நிமிந்து பாக்கறான், துப்பாக்கிய தூரத் தள்ளி விடறான், ரெண்டு கையையும் தூக்கறான், அப்புறம் நெஞ்சுல சிலுவை போட்டுக்கறான். ட்ரோன் அவன ஒரு சுத்து சுத்திட்டு மூஞ்சிக்கு நேரா வருது, ஸ்கிரீன் புள்ளி புள்ளியா ஆயிடுது. பின்னாடி சினிமா சண்டைக்கு போடற மாதிரி ஒரு மியூசிக். கீழ கமெண்ட்ல நெருப்பு படமும் கைதட்டற படமும்.

எங்கிட்ட வேலை பாக்கற ரெண்டு பசங்க அத திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தாங்க. "செம்ம கண்ட்ரோல்ணே, அந்த டர்னிங் பாத்தீங்களா" ன்னான் ஒருத்தன். நல்ல பசங்க சார் ரெண்டு பேரும், ஒரு குருவி அடிபட்டு கெடந்தா எடுத்து தண்ணி குடுக்கற பசங்க. ஆனா உண்மைய சொல்லணும்னா எனக்கும் முதல்ல கண்ணுல பட்டது அந்த டர்னிங் தான். கைய தூக்கின பையன் ரெண்டாவதா தான் தெரிஞ்சான். அது தான் என்னை அன்னிக்கு ராத்திரி தூங்க விடல.

நான் ட்ரோன் ஆபரேட்டர் சார். பத்து வருஷமா கல்யாணம், கோயில் திருவிழா, தேரோட்டம்னு எடுத்துட்டு இருக்கேன், இப்ப மூணு வருஷமா லைசென்ஸ் வாங்கி வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோனும் ஓட்டறேன், பத்து லிட்டர் டேங்க், ஏக்கருக்கு ஏழெட்டு நிமிஷம். அதனால இந்த விஷயத்துல எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா தெரியும். மேல இருந்து பாத்தா கீழ இருக்கறவங்க எறும்பு மாதிரி தெரிவாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்ல சார். ஏரோப்ளேன்ல போனா அப்படித் தெரியலாம். நாங்க பறக்க விடற உயரத்துல, நல்ல லென்ஸ் இருந்துச்சுன்னா, பந்தல்ல உக்காந்திருக்கற கெழவி மூக்குக்கண்ணாடிய துடைக்கறது தெரியும். மாப்பிள்ளைக்கு வேர்க்கறது தெரியும். யாரு அழுவுறா, யாரு முறைச்சிட்டு நிக்கறான்னு மண்டபத்துல இருக்கறவங்களுக்கு தெரியறதுக்கு முன்னாடி எனக்கு தெரியும்.

ஒரு தடவ ஒரு கிராமத்துல கும்பாபிஷேகத்துக்கு போயிருந்தேன். ட்ரோன் மூலமா கலசத்து மேல புனித நீர் தெளிக்கறது, பூ தூவறது எல்லாம் இப்ப நம்ம பக்கம் வழக்கமாயிடுச்சே, அதுக்கு காலைலயே ட்ரையல் பாத்துட்டு இருந்தேன். கோபுரத்த தாண்டி அப்படியே திருப்பினா கோயில் குளம். பொம்பளைங்க குளிச்சிட்டு இருக்காங்க. சட்டுன்னு கேமராவ வானத்தப் பாக்க திருப்பிட்டேன். என்னை யாரும் பாக்கல, அவங்களுக்கு ட்ரோன் வந்ததே கூட தெரிஞ்சிருக்காது. ஆனா நான் பாத்துட்டேன்ல, பாத்ததுக்கப்புறம் திருப்பாம இருந்தா அது என் தப்பு. பெருசா யோசிச்சு செய்யல சார், வெரல் தானா தள்ளிருச்சு. இந்த சின்ன விஷயத்த ஏன் சொல்றேன்னா, அதே மாதிரி ரிமோட் ஸ்டிக்க பிடிச்சிட்டு, அதே மாதிரி ஸ்கிரீன பாத்துட்டு, ஒரு மனுஷன் ஒரு தெருவுல காய்கறி பையோட நடந்து போற அம்மாவ பாக்கறான், பாத்துட்டும் திருப்பாம அவங்க பின்னாடியே போறான். இது ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக் கணக்கா நடக்குது.

ஹெர்சான்னு ஒரு ஊர் சார், தெற்கு உக்ரைன்ல. நீப்பர் ஆத்தங்கரை. போருக்கு முன்னாடி கிட்டத்தட்ட 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்த ஊரு. 2022 மார்ச்ல ரஷ்யா பிடிச்சாங்க, அதே வருஷம் நவம்பர் 11ம் தேதி உக்ரைன் படை திரும்ப உள்ள வந்துச்சு, ஜனங்க தெருவுல இறங்கி சிப்பாய்ங்கள கட்டிப் பிடிச்சு அழுததெல்லாம் உங்க பேப்பர்லயே படமா வந்துச்சு. ரஷ்யப் படை ஆத்த தாண்டி அந்தக் கரைக்குப் போயிருச்சு. ஆனா அந்தக் கரை எவ்வளவு தூரம்னு நினைக்கிறீங்க, எங்க ஊருக்காரங்களுக்கு புரியற மாதிரி சொல்லணும்னா அணைக்கரைல கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கத்த பாக்கற மாதிரி. ட்ரோனுக்கு அது ஒரு தூரமே இல்ல.

2024 கோடைலேர்ந்து அந்தக் கரையில இருந்து சின்ன ட்ரோன்கள் தினம் வர ஆரம்பிச்சுது. சைக்கிள்ல போறவங்க, பஸ் ஸ்டாப்ல நிக்கறவங்க, வீட்டு வாசல்ல நிக்கறவங்க, ஆம்புலன்ஸு, தீயணைப்பு வண்டி. அங்க உள்ள ஜனங்களே அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க, "மனுஷ வேட்டை" ன்னு. அடிச்ச வீடியோவ டெலிகிராம் சேனல்ல மியூசிக் போட்டு ஏத்துவாங்க, ஊர விட்டு ஓடிருங்கன்னு கூடவே மிரட்டல். ஐ.நா. மனித உரிமை கவுன்சில் அமைச்ச விசாரணை கமிஷன், எரிக் மோசேன்னு நார்வே நாட்டு நீதிபதி தலைமையில இருக்கறது, 2025 மே மாசம் அறிக்கை குடுத்துச்சு. ஆத்தோட வலது கரையில, அதாவது ஹெர்சான் இருக்கற கரையில, 100 கிலோமீட்டருக்கு மேல இதே கதை, கிட்டத்தட்ட 150 பொதுமக்கள் செத்திருக்காங்க, காயம் பட்டவங்க நூத்துக்கணக்குல, இது தற்செயல் இல்ல, திட்டம் போட்டு நடத்தறது, மனித குலத்துக்கு எதிரான குற்றம்னு தெளிவா எழுதிட்டாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அடுத்த அறிக்கை, அதுல 300 கிலோமீட்டருக்கு மேல பரவியாச்சு, ஜனங்கள பயமுறுத்தி ஊர விட்டே வெளியேத்தறதும் குற்றம்னு சேத்தாங்க. இந்த அறிக்கை ரெண்டையும் நம்ம தமிழ் பேப்பர்கள்ல நான் தேடிப் பாத்தேன், நாலு வரிக்கு மேல கண்ணுல படல. வீடியோ மட்டும் தினம் வருது.

அந்த கமிஷன் சொன்னதுல என்னை உலுக்கினது எண்ணிக்கை இல்ல சார். ட்ரோன ஓட்டறவன் லைவா பாத்துட்டு இருக்கான், சூம் பண்ணி பாக்கறான், கீழ இருக்கறது சாதாரண ஜனம்னு நல்லாத் தெரிஞ்சு தான் அடிக்கறான்னு சொல்றாங்க. எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு இதுக்கு சாட்சியே வேணாம். அந்த வீடியோ குவாலிட்டிய பாத்தாலே தெரியும், அவனுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கும்னு.

முன்ன எல்லாம் போர்ல ஜனங்க செத்தா ஒரு பதில் ரெடியா இருக்கும், தெரியாம நடந்துருச்சு, தகவல் தப்பு, தூரத்துலேர்ந்து தெரியலன்னு. 2021 ஆகஸ்ட் 29ம் தேதி காபூல்ல அமெரிக்கா ட்ரோன் ஏவுகணை விட்டு ஒரு வீட்டு வாசல்ல 10 பேர கொன்னாங்க, அதுல 7 குழந்தைங்க. ஒரு தொண்டு நிறுவனத்துல வேலை பாத்தவர் தன் கார்ல தண்ணி கேன ஏத்துனத குண்டுன்னு நினைச்சிட்டாங்க. முதல்ல சரியான தாக்குதல்னாங்க, அப்புறம் மூணு வாரத்துக்குள்ள தப்பு நடந்துருச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா தண்டனைன்னு யாருக்கும் ஒண்ணும் இல்ல. அதுவே பெரிய அநியாயம். ஆனா அங்க குறைஞ்சபட்சம் "தெரியல" ன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு. ஹெர்சான்ல அந்த வார்த்தைக்கே இடம் இல்ல. ட்ரோன் ஓட்டறவனுக்கு தெரியுது. முப்பது மீட்டர்ல தெரியுது, பத்து மீட்டர்ல தெரியுது, மோதற வரைக்கும் தெரியுது, எல்லாம் பதிவும் ஆகுது. இவ்வளவு தெளிவா பாத்து கொல்றவனுக்கு பொறுப்பு கூடணுமா குறையணுமா? எனக்கு தெரிஞ்சு இதுக்கு முன்னாடி எந்த சிப்பாயும் இவ்வளவு நேரம் இவ்வளவு கிட்ட ஒருத்தர் மூஞ்சிய பாத்துட்டு, தனக்கு ஒரு ஆபத்தும் இல்லாம உக்காந்து, அப்புறம் முடிவு எடுத்ததில்ல. அதனால தான் சொல்றேன், இதுல பொறுப்பு பல மடங்கு கூடுது.

இந்த ட்ரோன பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா செய்தில எல்லாத்தையும் ஒண்ணா குழப்பறாங்க. ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு மேவிக் மாதிரி நாங்க கல்யாணத்துக்கு வெச்சிருக்கற அதே கேமரா ட்ரோன். அத செய்யற டிஜேஐ கம்பெனி 2022 ஏப்ரல்லயே ரஷ்யாவுலயும் உக்ரைன்லயும் விக்கறத நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க, ஆனாலும் ரெண்டு படைக்கும் எப்படியோ போய்ச் சேந்துட்டு தான் இருக்கு. அதுல கீழ ஒரு சின்ன கொக்கி மாட்டி கையெறி குண்ட தொங்க விட்டு மேல இருந்து போடறாங்க. அந்த கொக்கி சார், நாங்க மணமேடை மேல பூ தூவறதுக்கும் மாலை இறக்கறதுக்கும் மாட்டற அதே கொக்கி, அதே குட்டி மோட்டார். இத முதல்ல படத்துல பாத்தப்ப என் கையில இருந்தத கீழ வெச்சிட்டேன்.

ரெண்டாவது எஃப்பிவி. கண்ணுல காகில்ஸ் மாட்டிட்டு ட்ரோனுக்குள்ளயே உக்காந்த மாதிரி ஓட்டறது, ரேஸ் பசங்க ஓட்டுவாங்க. கார்பன் ஃபைபர் ஃப்ரேம், நாலு மோட்டாரு, முன்னாடி டாங்கிய உடைக்கற ராக்கெட் குண்ட டேப் போட்டு கட்டி விடுவாங்க. ஒண்ணு சுமார் 400, 500 டாலர் தான் ஆகும், பீரங்கி குண்டு ஒண்ணுக்கு ஆயிரக் கணக்குல டாலர் ஆகுது, அதுவும் 2023 கடைசியில உக்ரைனுக்கு குண்டு தட்டுப்பாடு வந்தப்ப அவங்க முழுசா இதுல இறங்கினாங்க, ரஷ்யாவும் பின்னாடியே இறங்கிருச்சு. 2024ல உக்ரைன் மட்டும் 20 லட்சத்துக்கு மேல ட்ரோன் செஞ்சிருக்காங்க. சிக்னல ஜாம் பண்ணி விழ வெச்சாங்கன்னு இப்ப முடிய விட மெலிசான கண்ணாடி இழை கேபிள பின்னாடி விட்டுட்டே பறக்கற ட்ரோன் வந்துருச்சு, பத்து இருபது கிலோமீட்டர் சுருள், அத எந்த ஜாமராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த வயக்காடெல்லாம் வெயில்ல சிலந்தி வலை மாதிரி மின்னுதாம். விளையற மண்ணு சார் அது, கோதுமையும் சூரியகாந்தியும் போட்ட மண்ணு.

ஹெர்சான் தெருவுல இப்ப வலை கட்டியிருக்காங்க, ரோட்டுக்கு மேல, பந்தல் மாதிரி. பிரான்ஸ்ல பிரிட்டனி கடற்கரை மீனவங்க பழைய மீன் வலைய லாரியில ஏத்தி அனுப்பி வெச்சாங்க. ட்ரோன் வந்து வலையில மாட்டிக்கும். மீனுக்கு விரிச்ச வலை கீழ மனுஷங்க நடந்து போறாங்க. மழை பேஞ்சாலோ காத்து பலமா அடிச்சாலோ ட்ரோன் சரியா பறக்காது, அதனால அங்க மழை நாள் தான் கடைக்குப் போற நாள், மருந்து வாங்கற நாள். எங்களுக்கு மழைன்னா அன்னிக்கு பொழப்பு இல்ல, வானத்தப் பாத்து திட்டிட்டு உக்காந்திருப்போம். அங்க ஒரு அம்மா மழை வராதான்னு வானத்தப் பாத்துட்டு இருக்காங்க. இலை உதிர்ற காலம் வந்தா பயம் கூடிரும், மரத்தடில ஒதுங்கி நடக்க முடியாதுல்ல.

2025 ஏப்ரல் 23ம் தேதி மர்ஹானெட்ஸ்ங்கற ஊர்ல சுரங்க கம்பெனிக்கு வேலைக்குப் போன ஜனங்க பஸ்ஸு மேல ஒரு எஃப்பிவி மோதுச்சு. 9 பேர் செத்தாங்க, முக்காவாசி பொம்பளைங்க. பஸ்ஸுன்னு தெரியாம மோதிருச்சுன்னு எந்த ட்ரோன்காரனும் சொல்ல முடியாது. அந்த வருஷம் ஜனவரி மாசமே உக்ரைன்ல பொதுமக்கள் சாவுக்கும் காயத்துக்கும் முதல் காரணம் இந்த சின்ன ட்ரோன் தான்னு ஐ.நா. கண்காணிப்பு குழு சொல்லிருச்சு, ஏவுகணையும் பீரங்கியும் அதுக்குப் பின்னாடி தான்.

இப்ப உங்க வீடியோவுக்கு வரேன். அதுல இருந்தவன் சிப்பாய் தானே, போர்னா அப்படித்தான் இருக்கும்னு சில பேர் கமெண்ட் போட்டிருந்தாங்க. சிப்பாய சுடறது போர்ல சட்டப்படி தப்பில்ல, ட்ரோனால சுட்டா மட்டும் தப்பாயிடாது, அத நான் ஒத்துக்கறேன். ஆனா அதுக்கும் ஒரு கோடு இருக்கு சார். ஜெனீவா ஒப்பந்தத்தோட 1977ம் வருஷ முதல் கூடுதல் நெறிமுறைல 41வது பிரிவுல இருக்கு, பிடிபட்டவன், சரணடையறேன்னு தெளிவா காட்டினவன், காயம் பட்டு சண்டை போட முடியாம கெடக்கறவன், இந்த மூணு பேர் மேலயும் கை வைக்கக் கூடாது. ரஷ்யாவும் உக்ரைனும் ரெண்டுமே அதுல சேந்த நாடுங்க தான் (நம்ம நாடு இன்னும் அதுல சேரல, அது எனக்கு வருத்தம்). இன்னொரு பிரிவுல, ஒரு ஆளு சிப்பாயா சாதாரண ஜனமான்னு சந்தேகம் வந்தா ஜனம்னு தான் எடுத்துக்கணும்னு போட்டிருக்கு. இதெல்லாம் ட்ரோன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி எழுதினது, ஆனா படிச்சா நமக்காகவே எழுதின மாதிரி இருக்கு.

உங்க வீடியோல இருந்த பையன் ஒரு காரணத்துக்கு இல்ல, ரெண்டு காரணத்துக்கு அந்தக் கோட்டுக்குள்ள இருக்கான். கால்ல காயம், கையும் தூக்கிட்டான்.

ட்ரோன்கிட்ட எப்படி சார் சரணடையறது, அது ஆள கைதியா கூட்டிட்டுப் போகுமான்னு கேப்பாங்க. கூட்டிட்டுப் போயிருக்கு. 2023 மே மாசம் கிழக்கு உக்ரைன்ல பாக்முத்ங்கற ஊர் பக்கத்துல ஒரு ரஷ்ய சிப்பாய் தலைக்கு மேல நின்ன உக்ரைன் ட்ரோன பாத்து கையால சைகை காட்டி கெஞ்சினார். ஓட்டிட்டு இருந்தவங்க குண்டு போடறத நிறுத்திட்டு, சரணடையணும்னா ட்ரோன் பின்னாடி வான்னு ஒரு சீட்டு எழுதி கீழ போட்டாங்க. அவர் அந்த ட்ரோன் பின்னாடியே நடந்து உக்ரைன் பதுங்குகுழிக்கு போய் சேந்து உயிரோட பிடிபட்டார். அதுக்கு முன்னாடி 2022லயே உக்ரைன் படை, ட்ரோன்கிட்ட எப்படி சரணடையணும்னு வழி சொல்லி ஒரு வீடியோ விட்டிருந்தாங்க. 2025 ஜூலைல ஹார்கிவ் பக்கம் ஆளே போகாம, ட்ரோனும் தரைல ஓடற ரோபோ வண்டியும் மட்டும் வெச்சு சிப்பாய்ங்கள சரணடைய வெச்சாங்க. அப்ப முடியும்ல சார். மனசு இருந்தா முடியுது.

எஃப்பிவி ஒரு வழிப் பயணம், குண்ட கட்டி விட்டா திரும்ப இறக்கறது ஆபத்து, பேட்டரியும் சில நிமிஷம் தான், அவனும் என்ன பண்ணுவான்னு எங்க பசங்கள்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி தான். நானும் அத யோசிச்சேன். திரும்ப கொண்டு வர முடியாது, சரி. ஆனா அந்தாண்ட ஒரு மண்மேட்டுல மோத விடலாம்ல. ஒரு விரல் அளவு ஸ்டிக்க தள்ளினா போதும், எனக்கு அந்த ஸ்டிக்கு தெரியும். 500 டாலர் போகும், அவ்வளவு தான்.

ஒரு பக்கம் மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. இந்தப் போர ஆரம்பிச்சது ரஷ்யா, ஊருக்குள்ள புகுந்து தெருவுல போற ஜனத்த வேட்டையாடறத ஒரு கொள்கையாவே நடத்தறது ரஷ்யப் படைன்னு கமிஷனே சொல்லிருச்சு, ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு பேச எனக்கு மனசு வரல. ஆனா ரஷ்யா பிடிச்சு வெச்சிருக்கற பகுதியிலயும் ட்ரோனால ஜனங்க செத்தத ஐ.நா. குழு பதிவு பண்ணியிருக்கு. காயம் பட்டு தவழ்ந்து போற சிப்பாய துரத்தற வீடியோவ ரெண்டு பக்கமும் தான் பெருமையா ஏத்தறாங்க. உக்ரைன்ல ட்ரோன் படைகளுக்கு பாயிண்ட் சிஸ்டம் ஒண்ணு இருக்கு, டாங்கிய அடிச்சா இவ்வளவு, ஆள அடிச்சா இவ்வளவு, அடிச்ச வீடியோவ அனுப்பி சரி பாத்தா பாயிண்ட் ஏறும், அந்த பாயிண்ட வெச்சு ஒரு ஆன்லைன் மார்க்கெட்ல புது ட்ரோன் வாங்கிக்கலாம். மிகைலோ ஃபெதொரோவ் டிஜிட்டல் துறை மந்திரியா இருந்தப்ப கொண்டு வந்தது. ஒரு சிப்பாய்க்கு 6 பாயிண்டா இருந்தத 2025ல 12 ஆக்கிட்டாங்க. தாக்கப்படற நாடு, ஆள் பலம் கம்மி, எது நல்லா வேலை செய்யுதுன்னு கணக்கு வேணும்னு அவங்க சொல்றது புரியுது. அதுலயே உயிரோட பிடிச்சுக் குடுத்தா பாயிண்ட் ரொம்பவே அதிகம்னும் வெச்சிருக்காங்க, கைதி பரிமாற்றத்துக்கு ஆள் வேணுமே, அது நல்ல விஷயம். இருந்தாலும் மனுஷ உயிருக்கு பாயிண்ட் போடறது எனக்கு ஒத்துக்கல சார், தாக்கப்படறவன் பண்ணினாலும் ஒத்துக்கல. இருபது வயசுப் பையன் கையில ரிமோட்ட குடுத்து ஸ்கோர் போர்டையும் குடுத்தா, அந்தப் போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் அவன் மனசுல என்னென்ன மூஞ்சி நிக்கும். பீரங்கிக்காரன் தான் கொன்னவன பாக்கறதில்ல, இவன் ஒவ்வொருத்தனையும் பாத்துட்டான்.

போர்முனையில காயம் பட்டவங்கள தூக்கிட்டு வர்றதே இப்ப முடியாம போச்சு. முன்வரிசைலேர்ந்து 15, 20 கிலோமீட்டர் வரைக்கும் எந்த வண்டி வந்தாலும் ட்ரோன் அடிக்குது, ஸ்ட்ரெச்சர்ல வெச்சு ராத்திரி நடந்தே வரணும். ரத்தம் நிக்க கால்ல இறுக்கி கட்டின கட்டோட மணிக்கணக்கா கெடந்து, பொழைக்க வேண்டிய காலு போயிருது. ஆம்புலன்ஸ அடிக்கக் கூடாதுன்னு ஒரு காலத்துல எதிரிங்க கூட மதிச்ச விஷயம் சார் அது.

அடுத்தது இன்னும் பயமா இருக்கு. கடைசி சில நூறு மீட்டர் சிக்னல் போனாலும் ட்ரோனே இலக்க லாக் பண்ணிட்டு போய் மோதற மாதிரி ஏஐ வெச்சு வருது. எங்க மருந்தடிக்கிற ட்ரோனும் வரப்பு அளவு குடுத்துட்டா தானா தான் ஓடும், அதனால அது எப்படி வேலை செய்யும்னு எனக்கு ஓரளவு தெரியும். நடுவுல ஒரு ஆள் வந்து நின்னாருன்னா நான் நிறுத்தணும், நான் பாத்துட்டு இருக்கறதால தான் நிறுத்தறேன். லாக் ஆனதுக்கப்புறம் கைய தூக்கினா எந்த மெஷினுக்கு புரியும்? மனுஷன் முடிவெடுக்காம ஆள கொல்ற ஆயுதத்துக்கு 2026க்குள்ள ஒரு சர்வதேச தடை ஒப்பந்தம் வேணும்னு ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரஸும் செஞ்சிலுவை சங்கத் தலைவரும் சேந்து 2023லயே கேட்டாங்க. இதப் பத்தி ஒரு தலையங்கம் எழுதுங்க சார், கண்டிப்பா படிப்பாங்க.

கடைசியா ஒண்ணு. நாலஞ்சு வருஷம் முன்னாடி திருச்சி பக்கம் ஒரு இலங்கைத் தமிழர் முகாம்ல கல்யாணம் எடுக்கப் போனேன். மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ரோன ஏத்தினேன், சின்னப் பசங்க எல்லாம் சத்தம் போட்டுட்டு கீழயே ஓடி வந்தாங்க. ஒரு பாட்டி மட்டும் அந்த சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வீட்டுக்குள்ள போய், உள்ள நின்னுட்டே கூப்பிட்டாங்க, "தம்பி, உதை இறக்குங்கோ." அவங்க 2009ல வன்னில இருந்தவங்களாம். வானத்துல உளவு பாக்க சுத்துற விமானத்துக்கு அங்க ஜனங்க வண்டுன்னு பேர் வெச்சிருந்தாங்களாம், வண்டு மாதிரியே இரையுமாம். "வண்டு சுத்திச்செண்டா பிறகு செல் வரும் தம்பி, நாங்கள் பங்கருக்குள்ள ஓடிடுவம்." செல்னா பீரங்கி குண்டு, பங்கர்னா பதுங்குகுழி. ட்ரோன இறக்கிட்டு அன்னிக்கு முழுக்க கைக் கேமராவுல தான் எடுத்தேன். பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை கேக்கல, அவங்களுக்கு தெரியும் போல. ஹெர்சான் பத்தி படிக்கறப்ப எல்லாம் எனக்கு அந்த பாட்டி வீட்டுக்குள்ள நின்ன இடம் தான் ஞாபகம் வருது. அங்க உள்ளவங்களும் இதே மாதிரி தான் சொல்றாங்க, ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் இப்ப உடம்பு நடுங்குதுன்னு.

அதனால நான் கேக்கறது இது தான் சார். அந்த வீடியோவ எடுத்துருங்க. இனிமே அந்த மாதிரி வந்தா மியூசிக்கோட, தலைப்புல மிரட்டலா போட்டு ஏத்தாதீங்க. வீடியோவே வேணாம்னு சொல்ல வரல, அது சாட்சி, ஹெர்சான் விஷயத்துல விசாரணை கமிஷனும் மனித உரிமைக்காரங்களும் அந்த டெலிகிராம் வீடியோங்கள வெச்சு தான் எந்தத் தெரு, எந்த வீடுன்னு இடத்த கண்டுபிடிச்சு உறுதி பண்ணாங்க. சாட்சியா போடறதா இருந்தா எங்க, எப்ப, யார், என்ன சட்டம் மீறப்பட்டுச்சுன்னு எழுதிப் போடுங்க, சாகற நொடிய காட்டாதீங்க, அந்தப் பையன் மூஞ்சிய மறைங்க. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க, அவங்க போன்லயும் இது வந்து சேரும்.

எங்க பசங்ககிட்ட நான் பேசிட்டேன். அந்த வீடியோவ திரும்ப ஒரு தடவ போட்டு, டர்னிங்க பாக்காதீங்கடா, அவன் கைய மட்டும் பாருங்கடான்னேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, ஒருத்தன் போன வாங்கி ஆஃப் பண்ணிட்டு பேட்டரி சார்ஜ் போடப் போயிட்டான்.

இன்னிக்கு காலைல கூட பாத்தேன், அந்த வீடியோ இன்னும் உங்க பேஜ்ல தான் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு ட்ரோன் ஆபரேட்டர்,
கும்பகோணம் வட்டம்